சீமாட்டிக்கு ஒரு ஊளை

1984

செப்டம்பர் 11, செவ்வாய்

இன்று பிறந்தநாள் அட்டைகள் அதிகம். மூட்டையைக் கொட்டினால் பாதி அட்டைகளில் பசை இன்னும் காயவில்லை. ஓல்டமிலிருந்து ஒரு சின்னப் பெண் தன் நாய்க்குப் பிறந்தநாள் என்று எழுதியிருந்தாள்; எத்தனை வயது என்று எழுத மறந்துவிட்டாள். "எத்தனை வயசானாலும் வாழ்த்துகள்" என்று படித்தேன். கேமராவுக்குப் பின்னால் சிரித்தார்கள். அவர்கள் சிரித்தால் நிகழ்ச்சி நன்றாகப் போகிறது என்று அர்த்தம்.

ஒப்பனையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது ஜூலியன் எட்டிப் பார்த்தான். குழந்தைகள் பிரிவுக்கு இந்த வருஷம் வந்த புதுத் தலைவன். "வியாழக்கிழமை மத்தியானம் வெளியில சாப்பிடலாமா, பெர்னிஸ்? நாம ரெண்டு பேரும் மட்டும்."

இந்த டிவி நிலையத்தில் யாரும் யாரையும் சும்மா சாப்பிடக் கூப்பிடுவதில்லை. வானிலை சொல்லிக்கொண்டிருந்த ஆர்தரைப் போன வருஷம் கூப்பிட்டார்கள். திரும்பி வந்து, மீன் நன்றாக இருந்தது என்று மட்டும் சொன்னார்.

செப்டம்பர் 13, வியாழன்

மீன் நன்றாகத்தான் இருந்தது.

அக்டோபர் கடைசியோடு என் நிகழ்ச்சியை முடித்துக்கொள்கிறார்களாம். "டீக்கு முன்" என்ற பெயர் கூடப் போகிறது. இருபத்துமூன்று வயதுப் பையன் ஒருவன் வருகிறான், சக்கரம் வைத்த சறுக்குப் பலகையில். ஜூலியன் முள்கரண்டியால் கீரையைப் புரட்டிக்கொண்டே சொன்னான்: "நீங்க இந்த இடத்தோட சொத்து, பெர்னிஸ். அத யாரும் மறக்கமாட்டோம்."

சொத்தாம். சொத்தை விற்கலாம், இடித்துவிட்டு வேறு கட்டலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். அவனுக்கு ஆறுதல் சொன்னேன்! "பரவாயில்லப்பா, உனக்கும் கஷ்டமாத்தான் இருக்கும்" என்றேன். பதினேழு வருஷமாக முகத்தில் ஒட்டிக்கொண்ட சிரிப்பு, எஜமானி அழும்போது கூடப் போகமாட்டேன் என்கிறது.

காய்ச்சலில் படுத்த ஒருத்திக்குப் பதிலாக ஒரு வாரம் உட்கார வந்தவள் நான். அவள் திரும்பி வந்து பார்த்தபோது நாற்காலி இல்லை. அன்றைக்கு அவளைப் பற்றி நான் ஒரு நிமிஷம் யோசித்திருப்பேனா?

செப்டம்பர் 14, வெள்ளி

வீட்டில் என் கணவன் ரெஜ்ஜிடம் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். இரவுச் சாப்பாடு பாதி வெந்த உருளைக்கிழங்கு.

அக்டோபர் 4, வியாழன்

மியூரியல் போன் செய்தாள். என் ஏஜெண்டாக இருந்து அவளுக்கு இதுவரை வேலையே இருந்ததில்லை. இப்போதுதான் பாவம் ஓடுகிறாள். ஸ்டாக்போர்ட்டில் ஒரு தரைவிரிப்புக் கடையைத் திறந்துவைக்க வேண்டுமாம். அப்புறம் கிறிஸ்துமஸுக்கு சவுத்போர்ட்டில் பாண்டோ, பிள்ளைகள் கத்திக் கும்மாளமிடுகிற அந்த நாடகம்.

"தேவதை வேஷம். உனக்குன்னே தச்சு வச்ச மாதிரி இருக்கு. மினுமினுன்னு ஒரு கவுனு, கையில ஒரு கோலு, நாலு வரி பாட்டு. முடிஞ்சது."

"வில்லி யாரு?" என்றேன்.

"இன்னும் ஆள் கிடைக்கல. ஏன்?"

"எனக்கு அதுதான் வேணும்."

"ஏம்மா, உனக்கு வயசாகுதா, இல்ல பைத்தியம் பிடிக்குதா?" என்றாள்.

வயதாகிறது, அதனால்தான். தேவதையாக வந்தால் நான் இறக்கை ஒட்டிய "டீக்கு முன்" பெர்னிஸ். அடுத்த வருஷம் இன்னும் சின்ன ஊர். அதற்கடுத்த வருஷம் தரைவிரிப்பு மட்டும். ஆனால் வில்லிக்கு வயது ஒரு பொருட்டே இல்லை; முகத்தில் கோடு விழ விழ அழகுதான். ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒருத்தி தேவை. எழுபது வயது வரை எனக்குத் தொழில் இருக்கும். இதை நான் ரெஜ்ஜிடம் கூடச் சொல்லவில்லை, சொன்னால், "நீ நடிகையா, பெர்னி?" என்று கேட்பான்.

அக்டோபர் 26, வெள்ளி

கடைசி நிகழ்ச்சி. கேக் வெட்டினோம். அழவில்லை. வீட்டுக்கு வந்து பால்காரனுக்குச் சீட்டு எழுதி வைக்கும்போது அழுதேன்.

டிசம்பர் 5, புதன்

சவுத்போர்ட். கடல் இருக்கிறது என்று சொல்கிறார்கள். நான் வந்ததிலிருந்து மணலைத்தான் பார்க்கிறேன்.

நான் சீமாட்டி ஸ்பைட்வெல். ஏழை ஆலைக்காரியின் காற்றாலையைப் பிடுங்கிக்கொள்ள வருகிறவள். ஆலைக்காரியாக லெஸ்லி கிராப்ட்ரீ - முப்பது வருஷமாகப் பாண்டோவில் பெண் வேஷம் கட்டுகிற ஆள். அறுபது வயது, முட்டிக்கால் வலி, பூப்போட்ட பாவாடை. முதல் நாளே என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏம்மா, மூஞ்சில பால் வடியுதே. நீயா என் ஆலையப் பிடுங்கப்போற? போகும்போது கூட்டித் துடைச்சுக் குடுத்துட்டுல்ல போவ!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும். அதுதான் தப்பு.

டிசம்பர் 14, வெள்ளி

ஒத்திகை பரவாயில்லை. நடக்கவும் கையை நீட்டவும் கற்றுக்கொண்டேன். வில்லி இடது பக்கத்திலிருந்து வர வேண்டும், தேவதை வலது பக்கத்திலிருந்து. மாறினால் லெஸ்லி மூன்று முறை சுற்றி வந்து துப்புகிறார். நாடகத்தின் கடைசி இரண்டு வரியை ஒத்திகையில் யாரும் சொல்லவே கூடாது; சொன்னால் ஆட்டத்துக்கு ஆகாதாம். "லா லா லா" என்று முடித்துவிட்டு எல்லோரும் டீ குடிக்கப் போகிறோம்.

கண்ணாடி முன்னால் புருவத்தைத் தூக்கிப் பழகினேன். எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. நல்லது.

டிசம்பர் 20, வியாழன்

முதல் ஆட்டம். எழுதவே கை வரவில்லை.

பச்சை விளக்கு, புகை, இடி. கருப்பு கவுனில் இடது பக்கத்திலிருந்து வருகிறேன். வில்லி வந்தவுடன் அரங்கமே ஊளையிட வேண்டும். அதற்குத்தானே பிள்ளைகள் வருஷம் முழுக்கக் காத்திருக்கிறார்கள், தொண்டை கிழியக் கத்த. நானும் அதற்குத் தயாராக நிற்கிறேன்.

ஒரு குழந்தை கத்தியது: "ஹலோ, பெர்னிஸ்!"

அப்புறம் எல்லோரும். "ஹலோ, பெர்னிஸ்! ஹலோ!" மாடியிலிருந்து கையசைக்கிறார்கள். ஒருத்தி பிறந்தநாள் அட்டையை உயர்த்திக் காட்டுகிறாள். "ஏழைகளே, நடுங்குங்கள்!" என்று நான் கத்துகிறேன், அதுங்க சிரிக்குதுங்க. என் வலது கை - சத்தியமாக நான் சொல்லாமலே - தானாக எழுந்து பதிலுக்கு ஆட்டிவிட்டது.

டிசம்பர் 22, சனி

இன்றைக்கு அதைவிட மோசம்.

இரண்டாம் காட்சியில் குரலை நன்றாக இறக்கி மிரட்டினேன். முன்வரிசையில் ஒரு குட்டிப் பெண்ணுக்கு உதடு பிதுங்கியது, அழ ஆரம்பித்தாள். எனக்கு என்ன ஆச்சுன்னே தெரியல. விறுவிறுவென்று மேடை ஓரத்துக்குப் போய் மண்டியிட்டு, "அழாத கண்ணு, நான் பெர்னிஸ்தானே" என்றேன். கவுனும் கொம்பு வைத்த தலைமுடியுமாக! அரங்கம் முழுக்கக் கைதட்டல்.

திரைக்குப் பின்னால் லெஸ்லி பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

"வில்லிக்குக் கைதட்டலா? சந்தோஷமா இருக்கா, மகராசி? என் ஜோக்குல பாதி செத்துப்போச்சு தெரியுமா? அதுங்க உன்ன வெறுத்தாத்தான் என்னக் காப்பாத்த வரும். நீ நல்லவளா இருந்தா நான் யாரு? வாடகை தராத ஒரு கிழவி!"

அவர் சொன்னது சரி.

டிசம்பர் 23, ஞாயிறு

இன்று ஆட்டம் இல்லை. டங்கன் - நாடகத்தை இயக்குகிறவர், யாரையும் நோகடிக்காத மனிதர் - தங்கும் விடுதிக்கே வந்தார். தேவதை வேஷம் போடுகிற சாண்ட்ராவுக்கு என் வசனம் எல்லாம் தெரியுமாம். மாற்றிக்கொள்ளலாமா என்றார்.

"தப்பா எடுத்துக்காதீங்க, பெர்னிஸ். ஊர் பூரா உங்கள நேசிக்குது. அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?"

நேசிக்கிறார்களாம். அந்த ஜூலியனும் அதையேதான் சொன்னான். புதன்கிழமை மதிய ஆட்டம் வரைக்கும் அவகாசம் கேட்டு வாங்கினேன். அன்றும் ஊளை இல்லையென்றால் இறக்கையை ஒட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

தேவதையானால் சுகமாகத்தான் இருக்கும். அதை நினைக்கத்தான் பயமாக இருக்கிறது.

டிசம்பர் 25, செவ்வாய்

வீட்டில். வான்கோழி காய்ந்துவிட்டது, நான் கவனிக்கவில்லை. டிவியில் ராணியின் கிறிஸ்துமஸ் உரை முடிந்ததும் ரெஜ்ஜை முன்னறையில் உட்காரவைத்து, நான் சமையலறையிலிருந்து சீமாட்டியாக வந்தேன். "ஊளையிடு" என்றேன்.

தலையிலிருந்த கிறிஸ்துமஸ் காகிதக் கிரீடத்தைச் சரிசெய்துகொண்டு, "ஊ" என்றான். பஸ் வருகிறதா என்று கேட்கிற மாதிரி.

"நல்லா கத்து, ரெஜ்."

"உன்னப் பார்த்து எப்படிக் கத்துறது? இவ்வளவு நேரம் எனக்குக் குழம்பு ஊத்திட்டு இருந்த."

சிரிப்பு வந்தது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். எழுபது வயது வரை என்கிற கணக்கையும். கேலி செய்யவில்லை. "அப்ப, அதுங்களுக்கு உன்மேல உண்மையாவே கோபம் வரணும்" என்றான். எப்படி என்று அவனுக்கும் தெரியவில்லை.

டிசம்பர் 26, புதன்

நான் அதைச் செய்துவிட்டேன். நான்தான் செய்தேன். யாரும் செய்யச் சொல்லவில்லை.

முழு அரங்கம். மறுபடியும் "ஹலோ, பெர்னிஸ்!" தான். இந்த முறை கையைக் கவுனுக்குள் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஒன்றும் பயனில்லை. திரைமறைவில் சாண்ட்ரா என்னைப் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டாள்.

கல்யாணக் காட்சிக்கு முன்னால் லெஸ்லி வழக்கம்போல ஒரு தாளை எடுத்து, அரங்கில் யாருக்கெல்லாம் பிறந்தநாள் என்று படிக்க வேண்டும். எல்லாப் பாண்டோவிலும் உண்டு. அவர் தாளை எடுத்ததுமே மாடியிலிருந்து ஒரு குரல்: "பெர்னிஸ் படிக்கட்டும்!" உடனே எல்லோரும் காலைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். "பெர்னிஸ்! பெர்னிஸ்!" பெற்றோர்களும்தான்.

நான் உள்ளே டீ குடித்துக்கொண்டிருந்தேன். டங்கன் தோளைத் தூக்கி, போங்கள் என்று சைகை காட்டினார். போனேன். லெஸ்லி தாளை நீட்டும்போது, "போ, வேலைய முடிச்சுவிடு" என்று உதட்டை அசைக்காமல் சொன்னார். அவருக்கும் சலித்துவிட்டது.

தாளைப் பார்த்தேன். முதல் பெயர், ட்ரேசி ஒகில்வி, இன்றைக்கு ஏழு வயது. அரங்கம் அடங்கிவிட்டது. எனக்கு அந்த அமைதி தெரியும். மாலை நாலரை மணிக்கு வீடு வீடாக இருந்த அமைதி. என் பெயரைச் சொல்வாளா, சொல்வாளா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு. பதினேழு வருஷம் அதை ஒரு தடவை கூட நான் ஏமாற்றியதில்லை. காய்ச்சலோடு படித்திருக்கிறேன். அப்பாவைப் புதைத்த மறுநாள் படித்திருக்கிறேன்.

என் பழைய குரலிலேயே ஆரம்பித்தேன். "ட்ரேசி எங்கப்பா இருக்கா? ட்ரேசி ஒகில்விக்கு இன்னிக்கு... ஏழு வயசு!" ஐந்தாவது வரிசையில் சிவப்பு ஸ்வெட்டர் போட்ட ஒருத்தி எழுந்து நின்றாள். முகமெல்லாம் பல்.

அவளைப் பார்த்தேன். "அதுக்கு?" என்றேன்.

தாளை நடுவில் கிழித்தேன். மெதுவாக. அப்புறம் இன்னொரு தடவை.

ஒரு கணம் யாரும் மூச்சு விடவில்லை. ஐயோ, என்னடி பண்ணிட்ட என்று எனக்குள்ளேயே கேட்டேன். அப்புறம் வந்தது. மாடியிலிருந்தா, முன்வரிசையிலிருந்தா தெரியவில்லை. ஊளை! எழுந்து நின்று, நாற்காலி மேல் ஏறி, கையை நீட்டி. ஒரு தாத்தா தொப்பியை எறிந்தார். லெஸ்லி மாதிரி கெட்டிக்காரர் யாருமில்லை: ஒரு விநாடிகூட வீணாக்காமல், அந்த முட்டிக்காலோடு தரையில் விழுந்து, துண்டுகளைப் பாவாடையில் பொறுக்கி, "ட்ரேசி கண்ணு, பயப்படாத, நான் ஒட்டிப் படிக்கிறேன்டி தங்கம்!" என்றார். அரங்கமே அவர் பக்கம். நான் இடது பக்கமாக வெளியே போகிற வரைக்கும் கத்தல் நிற்கவில்லை. முடிவில் எல்லோரோடும் நான் மேடைக்கு வந்ததும் மறுபடி ஊளை, நாடகத்தின் கடைசி இரண்டு வரி யாருக்கும் கேட்டிருக்காது.

உள்ளே வந்து ஒரு பெட்டி மேல் உட்கார்ந்தேன். ஓடிப்போய் அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்க வேண்டும் போல இருந்தது. ஒப்பனையைக் கலைத்து, கோட்டை மாட்டி, ஒரு சாக்லேட் டப்பாவோடு பின்வாசலுக்கு ஓடினேன். அவள் அங்கே பஸ் வரிசையில் நின்று, முன்பின் தெரியாத பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "என் பேரத்தான் கிழிச்சா! எனக்காகத்தான் எல்லாரும் கத்துனாங்க!"

என்னைப் பார்த்தாள். வெறும் பெர்னிஸாக, தலையில் மழைக்குக் கட்டிய துணியோடு நிற்கிற என்னை. பழைய முகம்தான். ஓடிவந்து சாக்லேட் வாங்கிக்கொள்வாள் என்று நினைத்தேன்.

மூக்கைச் சுருக்கினாள். "ஊஊஊ!"

சாக்லேட்டை விடுதியில் நானே தின்றேன். பாதி சந்தோஷம், பாதி யாரோ செத்துப்போன மாதிரி. எது எந்தப் பாதி என்று தெரியவில்லை.

டிசம்பர் 27, வியாழன்

டங்கன் பிறந்தநாள் காட்சியை முதல் அங்கத்துக்கே தூக்கிப் போட்டுவிட்டார். வந்ததும் கிழிக்கிறேன், அதற்கப்புறம் ஆட்டம் முடிகிற வரைக்கும் நான் மூச்சுவிட்டாலே கத்துகிறார்கள். சாண்ட்ரா வந்து கட்டிக்கொண்டாள். அவளுக்குத் தேவதைதான் பிடிக்குமாம், சொல்லியிருக்கலாமே!

1985

ஜனவரி 9, புதன்

பரி என்ற ஊரிலிருந்து ஒரு தாயின் கடிதம். தன் பையன் என் படத்தைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டானாம். "உங்களிடமிருந்து இதை எதிர்பார்க்கவில்லை" என்று முடித்திருக்கிறாள். வலித்தது. பதில் எழுத உட்கார்ந்தேன். என்னவென்று எழுதுவது? என் படம் அங்கே இருந்த வரைக்கும் வில்லியாக எனக்கு வேலை இல்லை, அம்மா, என்றா? எழுதவில்லை.

ஜனவரி 26, சனி

கடைசி ஆட்டம். பிரியும்போது லெஸ்லி என் கன்னத்தைக் கிள்ளினார். "போயிட்டு வா, சனியனே. அடுத்த வருஷம் பிளாக்பர்ன்ல என் கூடத்தான்."

இதுவரை யாரும் எனக்குக் கொடுத்த பாராட்டுகளில் இதைத்தான் நம்புகிறேன்.

பிப்ரவரி 4, திங்கள்

நாலரைக்கு டிவியைப் போட்டேன். சறுக்குப் பலகைப் பையன். நன்றாகத்தான் செய்கிறான், அதுதான் எரிச்சல். ரெஜ் எழுந்து அணைக்கப் போனான். "இருக்கட்டும்" என்றேன். முடியும் வரை பார்த்தோம். அப்புறம் மீன் பொரித்தேன்.

1986

டிசம்பர் 18, வியாழன்

மறுபடியும் பிளாக்பர்ன், மறுபடியும் ஆலை. கவுனை இடுப்பில் கொஞ்சம் பிரித்துவிட்டார்கள். இந்த வருஷம் தாளைக் கிழிக்கவே தேவைப்படவில்லை. இடது பக்கத்திலிருந்து என் காலணி தெரிந்தவுடனேயே ஆரம்பித்துவிட்டார்கள். "ஹலோ" என்று ஒருவரும் சொல்லவில்லை. ஒரு நிமிஷம் காது தேடியது, பொய் சொல்வானேன்.

1987

மார்ச் 7, சனி

சூப்பர்மார்க்கெட்டில் ரொட்டி எடுக்கப் போனேன். ரெஜ் வெளியே காரில் இருந்தான். தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த ஒரு சின்னப் பெண், நாலு வயதிருக்கும், என்னைப் பார்த்ததும் அம்மாவின் கோட்டுக்குள் முகத்தைப் புதைத்தாள். "அம்மா, நாடகத்துல வந்த அவ."

அம்மாக்காரிக்கே இருபத்தைந்துக்குள்தான் இருக்கும். என்னைப் பார்த்தவுடன் முகம் மலர்ந்துவிட்டது. "ஐயோ, பெர்னிஸ்! நீங்க பெர்னிஸ்தானே? ஸ்கூல் விட்டதும் ஓடி வருவேன், உங்களப் பார்க்க. ஒரு நாள் விட்டதில்ல." குழந்தையின் பக்கம் திரும்பி, "பயப்படாத செல்லம். இவங்க ரொம்ப நல்லவங்க. அம்மா சின்னப் பிள்ளையா இருக்கும்போது டிவில வருவாங்க" என்றாள்.

குழந்தை ஒரு கண்ணை மட்டும் வெளியே எடுத்து என்னை நன்றாகப் பார்த்தது. அவசரப்படவில்லை.

"இல்ல" என்றது. "இவ நல்லவ இல்ல."

"ஷெரில்! மன்னிப்புக் கேளு!" அம்மாவின் கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது.

நான் ஒரு தடவை சிரித்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும். அம்மாவுக்கு நிம்மதி, குழந்தைக்குக் குழப்பம், எனக்கு இனிப்பாக ஒரு ஹலோ. சிரிப்பு உதடு வரை வந்தது.

வண்டிக்குப் பக்கத்தில் குனிந்தேன். ஒரு புருவத்தைத் தூக்கினேன். "ஆலை இப்பவும் என்கிட்டதான் இருக்கு" என்றேன்.

அந்தப் பிள்ளை உடம்பு முழுவதையும் தொண்டையாக்கிக்கொண்டு ஊளையிட்டது. ரொட்டி வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலையை நிமிர்த்திக்கொண்டு, ரொட்டியைக்கூட எடுக்காமல், இடது பக்கமாக வெளியே வந்தேன்.

காரில் ரெஜ், "உள்ள என்ன அவ்வளவு சத்தம்?" என்றான்.

"எனக்குத்தான்" என்றேன்.